சுக்குக் காப்பியில் சுக்கு மட்டுமா இருக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை எடுக்கிறார். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். மழையும் பனியுமாக இருப்பதால் தினம் மூன்று டம்ளர் சுக்குக் காப்பி குடிக்கிறார். "கருப்பட்டி போட்டதும்மா, இது மருந்து" என்கிறார். சில நாளாக நெஞ்செரிச்சலும் இருக்கிறது. தொடரலாமா? (வாசகி, செங்கோட்டை)

பதில்: சுக்கால் உங்கள் அப்பாவுக்குப் பெரிய கெடுதல் இல்லை. கூடச் சேர்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

காப்பிக்கொட்டை நம் பக்கம் வருவதற்கு முன்பே சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட கொதிநீர் இருந்தது. காப்பி என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. இன்றும் திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் அதில் காப்பித்தூள் கிடையாது, மல்லிதான் தூக்கல். புளியரை தாண்டி கேரளத்தின் ஆரியங்காவு போனால் சுக்கு, மிளகு, துளசியோடு காப்பித்தூளும் விழும். உங்கள் ஊர் 1956 வரை கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. ஆகவே அப்பா குடிப்பது எந்த வகை என்று முதலில் கேளுங்கள். காப்பித்தூள் போட்டதென்றால் சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம், தூக்கம் கெடும்.

கருப்பட்டி விஷயத்தில் அப்பா சொல்வது தவறு. அதில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். டம்ளருக்கு 20 கிராம் என்றால் மூன்று டம்ளருக்கு 60 கிராம். ஏறக்குறைய பத்து டீஸ்பூன் சீனி குடித்த கணக்கு. அதிலுள்ள கொஞ்சம் இரும்புச்சத்து இதை ஈடுகட்டாது.

கடைப்பொடி வாங்கினால் பாக்கெட்டில் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள கிளைசிரைசின் என்ற பொருள், உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். பிரஷர் ஏறும். நீர் பிரியவைக்கும் வகை பிரஷர் மாத்திரை எடுப்பவருக்குப் பொட்டாசியம் இன்னும் இறங்கி, கால் சோரும், இதயத் துடிப்பு தடுமாறும். தொண்டைக்கு இதமாக இருக்கிறதே என்று தினமும் குடிப்பவர்களிடம்தான் இந்தத் தொல்லை.

வீட்டிலேயே போடுவது எளிது. வெள்ளையாகப் பூச்சு ஏறிய சுக்கு சுண்ணாம்பில் முக்கியது. மண்நிறச் சுக்கைப் பார்த்து வாங்குங்கள். "சுக்குக்குப் புறநஞ்சு" என்பார்கள், தோலைச் சுரண்டிவிட்டு இடியுங்கள். ஒரு டம்ளருக்கு 250 மில்லி தண்ணீர், அரை டீஸ்பூனுக்கும் குறைவாகச் சுக்குப்பொடி (சுமார் 1 கிராம்), லேசாக வறுத்துப் பொடித்த மல்லி ஒரு டீஸ்பூன், மூன்று மிளகு. 200 மில்லியாகச் சுண்டினால் போதும். துளசியை அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடுங்கள். கூடவே கொதித்தால் வாசனையெல்லாம் ஆவியில் போய்விடும். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருள், ஷோகால் என்ற வேறு பொருளாக மாறுகிறது. அதற்குக் காரம் கூடுதல். இஞ்சி அளவுக்குச் சுக்கைப் போட்டால் வயிறு எரிவது அதனால்தான். அப்பாவுக்குச் சாப்பிட்டபின் ஒரு டம்ளர், இனிப்பில்லாமல். வெறும் வயிற்றில் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால், அதைக் கொடுத்த மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நெஞ்செரிச்சல். 64 வயதில், பிரஷரும் சுகரும் உள்ளவருக்கு வரும் எரிச்சலைச் சுக்கு என்றோ வாய்வு என்றோ முடிவு கட்டாதீர்கள். சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் எரிச்சலாகவோ மூச்சுவாங்கலாகவோ வரலாம். இருமுடி கட்டுவதற்கு முன் ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நாளையே போனால் நல்லது. எரிச்சல் நடக்கும்போது வந்து, உட்கார்ந்தால் அடங்குகிறது என்றாலோ, வியர்வையோடு வந்தாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவர் சரி என்றால் போகட்டும். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் ஏற்றம் கடுமை. சீசனில் அங்கே இதய அவசரச் சிகிச்சை மையங்கள் உண்டு. வழியில் கொடுக்கும் சுக்குவெள்ளத்தில் (மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்) இனிப்பு இல்லை, தாராளமாகக் குடிக்கலாம். சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஏறினால் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டும். அதற்குச் சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும், மூன்று டீஸ்பூன் வாயில் போட வேண்டும். அது கைவசம் இல்லாத அந்த நேரத்தில் மட்டும் அப்பாவின் கருப்பட்டி மருந்துதான்.