மூன்று டெனர்கள் சிடி: ‘ஹை-ரெஸ்’ கோப்புக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: 1990-இல் ரோமில் ‘மூன்று டெனர்கள்’ (டெனர் என்றால் உச்சக் குரலில் பாடும் ஆண் பாடகர்) எனப்படும் ஓபரா பாடகர்கள் பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் திறந்தவெளியில் பாடிய கச்சேரியின் பழைய சிடி வாங்கினேன். குரல் காதோடு ஒட்டிக் கேட்கிறது. ஆர்கெஸ்ட்ரா எங்கோ தள்ளி நிற்கிறது. விற்றவர், “அந்த சிடியே அப்படித்தான், 24 பிட் ஹை-ரெஸ் கோப்பு தருகிறேன்” என்று கூடுதல் பணம் கேட்கிறார். என் சிடி போலியா? கோப்பை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். குரல் அப்படிக் கேட்பதை மட்டும் வைத்து சிடியைச் சந்தேகப்படவும் வேண்டாம்.

அரங்கத்துக்குள் என்றால் சுவரும் கூரையும் குரலைத் திருப்பி அனுப்பி, வாத்தியங்களோடு கலந்து தரும். 1990 ஜூலை 7 அன்று, உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு, இவர்கள் பாடியது கராகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகளில். மேலே வானம்தான். திறந்தவெளியில் காற்றும் கூட்டத்தின் சத்தமும் உண்டு என்பதால் மைக்கைப் பாடகருக்கு நெருக்கமாக வைத்தாக வேண்டும். பின்னால் இசை நடத்துநர் ஜுபின் மேத்தா நடத்தியதோ ஃபுளோரன்ஸ், ரோம் இரண்டு ஊர் இசைக்குழுக்களைச் சேர்த்து. அத்தனை பேரையும் மூன்று குரல்களுக்கு அடியில் அடக்கியது பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மேசையில் நடந்த வேலை.

சரி, ஹை-ரெஸ்? சிடியைவிட நுணுக்கமான பதிவு என்று சொல்லி விற்பது அது. சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்: பிட் என்பது ஒவ்வொரு அளவீட்டின் நுணுக்கம், கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்தார்கள் என்பது. பதிவாகும் ஒலியின் உச்சம் அதில் பாதி, சுமார் 22 கிலோஹெர்ட்ஸ். அதைக் கணினியில் 24 பிட்டாக மாற்ற ஒரு நிமிடம் போதும். கோப்பின் எடை கூடும். புதிதாக ஒரு மூச்சுச் சத்தம்கூட வராது. அன்றைய டிஜிட்டல் பதிவுகள் பெரும்பாலும் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் எடுக்கப்பட்டவை. யாராவது 192 என்று சொன்னால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் வராது. இலவச ஆடாசிட்டி மென்பொருளில் மாதிரிக் கோப்பைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டும் படம்) பாருங்கள்: 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பாக இருந்தால், சிடியில் இல்லாத உயர் அதிர்வெண் எதுவும் அதில் இல்லை.

ஒரே விதிவிலக்கு உண்டு. பல மைக்குகளின் தனித்தனிப் பதிவுகளை எடுத்து மறுபடி கலந்திருந்தால், அதாவது ரீமிக்ஸ் என்றால், குரலுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள அளவே மாறும். அதற்குப் பணம் கொடுக்கலாம். ரீமாஸ்டர் என்பது அது இல்லை. ஏற்கெனவே கலந்து முடித்ததைச் சற்றுத் துலக்குவது, அவ்வளவுதான். குரல் முன்னே நிற்பது அதில் பெரிதாக மாறாது. தனித்தனிப் பதிவுகள் இருந்தால் கம்பெனியிடம் இருக்கும், கடைக்காரரிடம் இருக்காது. பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எவ்வளவு என்று அச்சிடுகிறார்கள். கோப்பு எந்த மூலத்திலிருந்து வந்தது என்று எழுத மட்டும் இந்தத் துறைக்குக் கை வரவில்லை.

கம்பெனிகளும் சளைத்தவை அல்ல. 1998 பாரிஸ் கச்சேரி ஆல்பம் வந்தபோது, 1990, 1994 கச்சேரிகளின் பழைய ஆல்பங்கள் இரண்டையும் சிறிது காலம் தள்ளுபடி விலையில் விற்பதில்லை, விளம்பரம் செய்வதில்லை என்று பாலிகிராமும் வார்னரும் பேசி வைத்துக்கொண்டன. அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது; 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது.

அப்புறம், ‘அரிய முதல் பதிப்பு’ என்றாலும் மயங்காதீர்கள். ஏராளமாக விற்ற ஆல்பம் இது, பழைய கடைகளில் மலிவாகவே கிடைக்கும். அட்டையில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் என்று இருந்தால் அது 1994-ஆம் ஆண்டுக் கச்சேரி. அதை 1990 என்று சொல்லி விற்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.