வானியற்பியலும் கணினி அறிவியலும்: கேட்டவர்களுக்குப் பதில்

இளநிலைப் படிப்பில் இரண்டையும் சேர்த்துப் படித்தவள் நான். இப்போது விண்மீன்களின் ஒளி ஏற்ற இறக்கங்களை அலசுவதுதான் வேலை. இந்தப் படிப்பைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி, ஒரே கேள்வி வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. அவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

அக்கா, பள்ளி இறுதியாண்டில் இருக்கிறேன். இரண்டில் எது முதன்மைப் பாடம், எது துணைப்பாடம்?

ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இயற்பியலை முதன்மையாக எடுங்கள். நிரல் மொழியை ஒரு விடுமுறையில் பிடித்துவிடலாம். மின்காந்தவியலையும் குவாண்டம் இயக்கவியலையும் வகுப்பு, வீட்டுக் கணக்கு, தேர்வு பயம் எதுவுமில்லாமல் தனியாக உட்கார்ந்து படித்து முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கணினித் துறையில் தரவுக் கட்டமைப்பு, படிமுறைகள், இயக்க முறைமை ஆகிய மூன்றை மட்டும் விடாதீர்கள். மற்றவை தேவை வரும்போது வந்துசேரும். பட்டத்தின் பெயரில் ‘வானியற்பியல்’ இல்லையே என்ற கவலை வேண்டாம். இத்துறையில் பலர் வெறும் இயற்பியல் பட்டத்தோடு வந்தவர்கள்தான்.

தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்குமா?

ஆசைக்குப் பார்க்கலாம். வேலைக்குப் பார்ப்பது திரையைத்தான்.

வானத்தைப் பார்ப்பதற்கு இவ்வளவு கணினி அறிவு எதற்கு? உண்மையாகவே புரியவில்லை.

2019 ஏப்ரலில் வெளியான கருந்துளைப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எம் 87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருப்பது. அந்தப் படத்தை எந்தத் தொலைநோக்கியும் ‘எடுக்கவில்லை’. 2017 ஏப்ரலில் உலகின் வெவ்வேறு இடங்களில் இருந்த எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் இந்த முயற்சியில் சேர்ந்தன. தென்துருவத்தில் இருந்ததற்கு எம் 87 தெரியாது, அது சரிபார்ப்புக்கு உதவியது; மற்ற ஏழும் சேர்ந்து அதை நோக்கின. அவை பதிந்தவை படங்கள் அல்ல, அலைகள். ஏறத்தாழ 5 பெட்டாபைட், அதாவது 5,000 டெராபைட். இணையத்தில் அனுப்பினால் காலம் போய்விடும் என்று வன்தட்டுகளை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். தென்துருவத்துத் தட்டுகளுக்கு அந்த வசதியும் இல்லை. குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரை அங்கேயே காத்துக் கிடந்தன.

அதன் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏழே கண்கள் என்பதால் தரவில் ஓட்டைகள் ஏராளம். அதே தரவுக்கு எத்தனையோ படங்கள் பொருந்தும். எதை நம்புவது? ஆய்வாளர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாகப் படத்தை உருவாக்கச் சொன்னார்கள். நால்வருக்கும் வளையம் வந்தது. பார்க்க விரும்பியதைக் கணினியே வரைந்து காட்டிவிடக் கூடாது என்பதற்காக எடுத்த எச்சரிக்கை அது. இந்தப் பயம்தான் இரு துறைகளும் சந்திக்கும் இடம் என்று சொல்வேன்.

தரவு இனியும் பெருகும். சிலியில் உள்ள வேரா ரூபின் வானாய்வகத்தின் கேமரா 3,200 மெகாபிக்சல். ஓர் இரவுக்குச் சுமார் 20 டெராபைட். அதை உட்கார்ந்து பார்க்கக் கண்கள் போதாது.

நான் கணினி மாணவன். இயற்பியல் படிக்காமல், தரவை இயந்திரக் கற்றலில் கொடுத்துக் கோள் கண்டுபிடிக்க முடியாதா?

முடிந்திருக்கிறதே! 2017 டிசம்பரில் கெப்ளர்-90 என்ற விண்மீனின் எட்டாவது கோளை நரம்பியல் வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் நிரல்) ஒன்றின் துணையோடு அறிவித்தார்கள். ஆனால் அந்த ஆய்வை எழுதிய இருவரில் ஒருவர் மென்பொருள் பொறியாளர், மற்றவர் வானியலாளர். இருவர் சேர்ந்த காரணத்தைக் கேளுங்கள்.

கோள் ஒன்று தன் விண்மீனின் குறுக்கே போகும்போது வெளிச்சம் சிறிது மங்கும். சூரியனை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வியாழன் கடந்தால் நூற்றில் ஒரு பங்கு குறையும், பூமி கடந்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. சரி, மங்கியது கோளாலா, அல்லது ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களாலா? ஒற்றைப்படை மறைப்புகளின் (1, 3, 5ஆவது) ஆழமும் இரட்டைப்படை மறைப்புகளின் (2, 4, 6ஆவது) ஆழமும் வேறுபட்டால் அது பெரும்பாலும் இரட்டை விண்மீன். இதை இயற்பியல் தெரிந்தவர் பழக்கத்திலேயே சரிபார்ப்பார். தெரியாதவர் விருந்துக்கே ஏற்பாடு செய்துவிடுவார்.

நானும் சூடு பட்டவள்தான். மாணவியாக இருந்தபோது, கோள் உண்டா இல்லையா என்று பிரித்துச் சொல்ல நான் எழுதிய வகைப்படுத்தி, நம்ப முடியாத அளவுக்குச் சரியாகச் சொன்னது. நம்ப முடியாதபோதே நம்பாமல் இருந்திருக்க வேண்டும். கோள் உள்ள எடுத்துக்காட்டுகளை தொலைநோக்கிக் கேமராவின் உணர்கருவியில் ஒரு பகுதியிலிருந்தும், கோள் இல்லாதவற்றை வேறு பகுதியிலிருந்தும் எடுத்திருந்தேன். என் வலையமைப்பு கோளைக் கற்கவே இல்லை. இரண்டு பகுதிகளின் இரைச்சலைப் பிரித்தறியக் கற்றிருந்தது.

விண்மீன் மறைப்பு நேரங்களை வரைந்தால் புள்ளிகள் எல்லாம் ஆறு மணி நேர இடைவெளியில் படிக்கட்டாக நிற்கின்றன. தொலைநோக்கியின் கோளாறா?

இத்தனை கேள்விகளில் இதைப் படித்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோளாறு தொலைநோக்கியில் இல்லை. நேரத்தை 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாகச் (கணினி பின்னங்களை வைத்துக்கொள்ளும் வடிவம்) சேமித்திருக்கிறீர்கள்.

வானியலில் நேரத்தை ஜூலியன் நாள் என்ற தொடர் எண்ணால் குறிக்கிறோம். 2023 பிப்ரவரியில் அது 24,60,000ஐ எட்டியது. 32 பிட் எண்ணில் மதிப்பைத் தாங்குபவை 24 பிட்டுகளே. இவ்வளவு பெரிய முழு எண்ணுக்கே 22 பிட் போய்விடுகிறது. பின்னத்துக்கு மிஞ்சுவது இரண்டு. ஆகவே மிகச் சிறிய படி கால் நாள். அதுதான் உங்கள் ஆறு மணி நேரம். 64 பிட்டுக்கு மாற்றுங்கள், படி சுமார் 40 மைக்ரோ நொடியாகிவிடும். துடிப்பு விண்மீன்களை (பல்சர்) ஆராய்பவர்களுக்கு அதுவும் பற்றாது. அதனால்தான் வானியலுக்கான பைத்தான் நிரல் தொகுப்பான ஆஸ்ட்ரோபை ஒரு நேரத்தை இரண்டு 64 பிட் எண்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. கணினி வகுப்பில் எண்களின் உள்ளமைப்பைச் சொல்லித்தரும் அந்தச் சலிப்பூட்டும் வாரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் படிக்கட்டைக் காட்டுங்கள்.

எந்த நிரல் மொழி?

பைத்தான். வேகம் தேவைப்படும் நாளில் சி அல்லது சி பிளஸ் பிளஸ். ஃபோர்ட்ரானைக் கண்டால் சிரிக்காதீர்கள், அது இன்னும் பல ஆய்வுக்குழுக்களில் உழைத்துக்கொண்டிருக்கிறது. கூடவே தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். கற்றுக்கொள்ளுங்கள். விண்மீன்களின் இடங்களை அளந்த கையா விண்கலம் பதிந்த 180 கோடிக்கும் மேற்பட்ட ஒளி மூலங்களின் பட்டியலை முழுவதும் தரவிறக்க நினைக்காமல், வேண்டியதை மட்டும் கேட்டு வாங்க அதுவே வழி.

கையில் செய்து பார்க்க ஒரு செயல்திட்டம் சொல்லுங்கள், மேடம். முதலாண்டு மாணவிக்கு ஏற்றதாக.

சூரியனையும் பூமியையும் நிரலில் சுற்றவிடுங்கள். முதலில் ஆய்லர் முறையில்: இப்போதைய வேகத்தை வைத்து அடுத்த இடம், இப்போதைய விசையை வைத்து அடுத்த வேகம். சில சுற்றுகளிலேயே பூமி மெல்ல வெளியே நழுவும். நியூட்டன்மீது பழி போடாதீர்கள். ஒவ்வோர் அடியிலும் உங்கள் முறை ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறது. பிறகு தவளைத் தாவல் முறைக்கு மாறுங்கள். வேகமும் இடமும் அரை அடி தள்ளித் தள்ளித் தாவும். கணக்கிடும் செலவு ஏறக்குறைய அதேதான், ஆனால் பூமி தன் பாதையிலேயே நிற்கும். இரண்டு முறைகளிலும் மொத்த ஆற்றலை வரைந்து பாருங்கள். எனக்கு வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் புரியாதது அந்த ஒரு வரைபடத்தில் புரிந்தது.

அடுத்து விண்மீன்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் இழுக்கும். ஒரு லட்சம் விண்மீன் என்றால் ஓர் அடிக்குச் சுமார் 500 கோடி இணைகள். கணினி முனகும். அப்போது 1986இல் பார்ன்ஸும் ஹட்டும் வெளியிட்ட மர முறையைத் தேடிப் படியுங்கள். தொலைவில் இருக்கும் கூட்டத்தை ஒரே புள்ளியாகக் கொள்வது அதன் உத்தி. தரவுக் கட்டமைப்பு வகுப்பில் மரம் எதற்கு என்று கொட்டாவி விட்ட நினைவு வரும்.

ஒரே பருவத்தில் குவாண்டம் இயக்கவியல், இயக்க முறைமை இரண்டும் வருகின்றன. சமாளிக்கலாமா?

வேண்டாம், தம்பி. நான் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஒன்றில் தேறவில்லை. எது என்று கேட்காதீர்கள்.

என் மகள் இதைப் படிக்க விரும்புகிறாள். பிறகு வேலை கிடைக்குமா?

ஒளிக்காமல் சொல்கிறேன். வானியலில் நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் தற்காலிகப் பணிகளில் ஊர் ஊராகப் போக நேரலாம். அதைத் தெரிந்துகொண்டு அவள் உள்ளே வரட்டும். அதே சமயம், இரைச்சல் நிறைந்த தரவிலிருந்து நம்பத்தக்க முடிவை எடுக்கத் தெரிந்தவரை மென்பொருள், செயற்கைக்கோள், மருத்துவப் படிமம், நிதி என்று பல துறைகள் எடுத்துக்கொள்கின்றன. என்னோடு படித்தவர்களில் பெரும்பாலோர் இன்று வானத்தைப் பார்ப்பதில்லை. வருத்தத்தோடும் இல்லை.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனி ஏன் கணினி படிக்க வேண்டும்?

நானும் எழுதச் சொல்கிறேன். ஓடும் நிரலையே தருகிறது. ஓடுவதும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல. 1999இல் செவ்வாயை அடைந்த வேளையில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது. தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளும் ஓடத்தான் செய்தது. ஒரு பக்கம் பவுண்டு அலகில் கொடுத்ததை மறுபக்கம் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். உங்கள் விடை எந்த அலகில், எந்த அளவில் வர வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் போட்டுப் பார்க்கத் தெரிந்தால், யார் எழுதிய நிரலாக இருந்தாலும் பயமில்லை.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. தொலைநோக்கி வாங்கவா, கணினி வாங்கவா?

கணினி. மிச்சமிருந்தால் ஓர் இருகண்நோக்கி (பைனாகுலர்).