குச்சி நட்டே பசுமை வேலி: வாசகர் கேள்விகள்

செம்பருத்திக் குச்சி நட்டேன். பத்து நாளில் துளிர்த்தது, அப்புறம் கருகிவிட்டது. ஏன்?

துளிர் விட்டதாலேயே வேர் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குச்சிக்குள் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைக் கொண்டே முதல் இலைகள் வந்துவிடும். அந்த இலைகள் வெளியேற்றும் நீரை ஈடுகட்டக் கீழே வேர் இருக்காது. வெயில் பட்டதும் கருகிவிடும். ஆகவே வேர் வரும்வரை குச்சி காயாமல் காப்பதுதான் முழு வேலையும்.

பென்சில் கனத்தில், பச்சை மாறி லேசாக முற்றிய கிளையில் அரையடி நீளம் எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கி, அங்கிருந்தே அழுகத் தொடங்கும். மொட்டுகளையும் கீழ் இலைகளையும் நீக்கிவிட்டு, நுனியில் இரண்டு மூன்று இலைகளைப் பாதியாக நறுக்கி விடுங்கள். மணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி போதும், உரம் வேண்டாம். இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டு, பிளாஸ்டிக் பையால் மூடி, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பைக்குள் வெந்துவிடும்.

செம்பருத்திக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். இட்லிப்பூவுக்கு இன்னும் கூடுதலாகும். இடையில் பிடுங்கிப் பார்க்கவே கூடாது, அப்போதுதான் முளைத்த வேர் முறிந்துவிடும். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரியும்வரை பொறுத்திருங்கள். பிறகு பையை ஒரேயடியாக எடுக்காமல், தினமும் கொஞ்ச நேரம் திறந்து பழக்குங்கள்.

கற்றாழை, இளநீர்: வேர் பிடிக்க எது நல்லது?

கற்றாழைச் சோறு தடவுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். இளநீரை நான் சொல்லமாட்டேன். அதிலுள்ள சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன் துளிரைத்தான் தூண்டும், வேரை அல்ல. சர்க்கரை வேறு இருப்பதால் பூஞ்சையும் வரும். ஐபிஏ (IBA) என்ற வேர் தூண்டும் ஹார்மோன் கலந்த வேர் ஊக்கிப் பொடியில் நுனியைத் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிட்டு நடுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டைக்கு அதுகூடத் தேவைப்படாது. இட்லிப்பூவுக்கு நல்ல பலன் தரும்.

நெட்டிலிங்கம் குச்சியில் வருமா?

வீட்டில் முயல வேண்டாம். விதைதான் சுலபம். பழம் உதிரும் காலத்தில் பொறுக்கி, சதையைக் கழுவி உடனே விதையுங்கள். காயவைத்துச் சேமித்தால் முளைப்புத்திறன் போய்விடும்.

தோட்டத்து ஓரம் அரளி வைக்கலாமா? ஆடு, மாடு உண்டு.

அரளி தண்ணீரில் வைத்தாலே வேர் விடும், வறட்சியும் தாங்கும். நெடுஞ்சாலை நடுவே வரிசையாக நிற்பது அதனால்தான். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். பச்சையில் ஒதுக்கும் கால்நடைகள், கத்தரித்துப் போட்டுக் காய்ந்த தழையைத் தீவனத்தோடு சேர்த்துத் தின்றுவிடலாம். அதை எரித்தால் வரும் புகையும் ஆகாது. கால்நடையோ சின்னக் குழந்தைகளோ இருக்கும் இடத்தில் வேண்டாம் என்பதே என் முடிவு.

உங்களுக்குக் கிளுவை பொருந்தும். கொங்குப் பகுதித் தோட்டங்களில் காலங்காலமாக உயிர்வேலியாக நிற்பது அதுதான். கோடையில் இலை உதிர்க்கும் என்பது உண்மை. ஆனால் முள்ளும் நெருக்கமும் அப்படியே இருக்கும், பறவைகளும் அடையும். மூன்று நாலு அடிப் போத்துகளை (முற்றிய கிளைத் துண்டுகளை) மழைக்கு முன்னால், தலைகீழாகாமல் பார்த்து ஊன்றுங்கள். நீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது.

வேலிக்கு வைக்கும் கோனோகார்பஸ் மரம் வேகமாக வளர்கிறதே?

வளரும், குச்சியிலும் வரும். ஆனாலும் தவிர்த்துவிடுங்கள். சுவாசத் தொல்லை, நீரை அதிகம் உறிஞ்சுவது ஆகிய காரணங்களைச் சொல்லி 2023இல் குஜராத் அரசு அதற்குத் தடை விதித்தது.

எங்கள் வேலி மேலே அடர்த்தி, கீழே ஓட்டை. என்ன செய்ய?

தேவையான உயரம் வரட்டும் என்று வெட்டாமல் விட்டிருப்பீர்கள். கன்று ஓரடி எட்டும்போதே நுனியைக் கிள்ளினால்தான் அடியில் கிளை பிரியும். இப்போது, மழை தொடங்கும் சமயத்தில் பாதி உயரத்துக்குத் துணிந்து வெட்டுங்கள். இனி கத்தரிக்கும்போது அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருந்தால் கீழ் இலைக்கும் வெளிச்சம் கிடைக்கும். பெரிய ஓட்டைகளில், ஏற்கெனவே தொட்டியில் வேர் பிடித்த கன்றை நடுங்கள். வெறும் குச்சியை ஊன்றினால் பழைய செடிகளின் வேர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அது காய்ந்துவிடும்.