பாம்புக்கடிக்கு விஷமுறிப்பு மருந்து ஏற்றினால் ஒத்துக்கொள்ளாமல் ஆள் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

ஒத்துக்கொள்ளாமல் போவது உண்மை. அதற்காக மருந்தே வேண்டாம் என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். திருகோணமலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்போக அறுவடை தொடங்கினால் தம்பலகாமம், மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து கண்ணாடி விரியன் கடித்தவர்கள் ஓட்டோவில் வந்து இறங்குவார்கள். கூட வரும் உறவுக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

இங்கே ஏற்றுவது இந்தியாவிலிருந்து வரும் மருந்து. குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்துத் தூளாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். பத்துக் குப்பி, இருபது குப்பி என்று அந்நியப் புரதம் இரத்தக் குழாய்க்குள் போனால் உடம்பு சும்மா இருக்குமா? முன்பு ஒருநாளும் இந்த மருந்து ஏற்றாதவருக்கும் வரும். “தோலில் ஒரு துளி குத்திப் பார்த்துவிட்டு ஏற்றுங்கோ” என்று சிலர் சொல்வார்கள். யாருக்கு ஒவ்வாது என்பதை அந்தச் சோதனை காட்டாது, உலக சுகாதார நிறுவனமும் அதை வேண்டாம் என்கிறது. நேரம்தான் வீண்.

எத்தனை பேருக்கு வரும் என்று இலங்கையிலேயே பார்த்திருக்கிறார்கள். களனிப் பல்கலைக்கழகத்து அசித டி சில்வா குழுவினரின் ஆய்வு 2011 இல் வெளிவந்தது. மருந்து ஏற்றிய 1007 பேரில் 752 பேருக்கு ஏதோ ஒரு விதத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த 752 பேரில் 43 வீதத்தினருக்குக் கடுமையாகவே வந்தது. பெரும்பாலும் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள்.

அந்த ஆய்வைச் செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒவ்வாமை வராமல் தடுக்க, விஷமுறிப்பு மருந்துக்கு முன்னால் ஹைட்ரோகோட்டிசோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தும் ப்ரோமெத்தசின் என்ற ஒவ்வாமை மருந்தும் போடுவது பல இடங்களில் வழக்கம். அதைத் தடுக்க அட்ரீனலின் ஊசி நல்லது என்று 1999 இல் இங்கேயே 105 பேரிடம் செய்த ஆய்வு காட்டியிருந்தது. ஆனாலும் விரியன் விஷத்தால் இரத்தம் உறையாமல் கிடக்கும் ஆளுக்கு அட்ரீனலின் போட்டால் பிறெஷர் ஏறி மூளையில் இரத்தம் கசிந்துவிடுமோ என்ற பயம் போகவில்லை. ஆகவே இந்த மூன்றையும் தனியாகவும் சேர்த்தும், மருந்தே இல்லாத வெறும் ஊசியாகவும் எட்டு வகையாகப் பிரித்தார்கள். யாருக்கு எது போகிறது என்று டொக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. தோலுக்குக் கீழே 0.25 மில்லிலீற்றர் அட்ரீனலின் போட்டவர்களிடம் கடும் ஒவ்வாமை முதல் மணித்தியாலத்தில் 43 வீதம் குறைந்தது, 48 மணித்தியாலம் வரை பார்த்தாலும் 38 வீதம் குறைவு. மற்ற இரண்டாலும் பிரயோசனமில்லை. போதாக்குறைக்கு, ஹைட்ரோகோட்டிசோனைச் சேர்த்துப் போட்டபோது அட்ரீனலினின் பலனும் போய்விட்டது! வாட்டில் பழைய ஆட்களுக்கு விழுங்கக் கஷ்டமான செய்திதான். விலை குறைந்த, எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் இருக்கிற ஒரு மருந்துக்கு இப்படி ஓர் ஆதாரம் நம் நாட்டு நோயாளிகளிடமிருந்தே கிடைத்ததில் எனக்குப் பெருமை.

இவ்வளவு செய்தும் சிலருக்கு வரத்தான் செய்யும். அதனால்தான் மருந்து ஏறும்போது பக்கத்தில் ஆள் நிற்பது. சொறிவு, தடிப்பு, சத்தி, வயிற்றுநோ, இருமல், இளைப்பு, பிறெஷர் விழுவது என்று எதுவும் தொடக்கமாக இருக்கலாம். உடனே மருந்தை நிறுத்தி, தொடைத் தசையில் அட்ரீனலின் போடுவார்கள், பெரியவருக்கு அரை மில்லிகிராம். ஆள் தேறியதும் மிச்ச மருந்தை மெதுவாக ஏற்றுவார்கள். எங்களுக்குப் பெரிய தலையிடி, சொல்லாமல் அடக்கிக்கொண்டு கிடப்பவர்கள்தான். வயல்காரர் லேசில் வாய் திறக்கமாட்டார்கள். மூதூர் ஐயா ஒருவர் “ஒண்டுமில்லை பிள்ளை” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். கூட இருக்கும் நீங்கள் அதைக் கவனித்து உடனே சொல்லவேண்டும்.

பாம்பு கடித்த எல்லோருக்கும் இதை ஏற்றுவதும் இல்லை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். மூக்கு நிமிர்ந்த சிறு குழிவிரியன் கடித்தால் இந்தக் குப்பி வேலையே செய்யாது, ஒவ்வாமை மட்டும்தான் மிச்சம். ஆகவே பாம்பைத் துரத்தி அடிக்காமல், தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள்.

பரியாரியாரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று மட்டும் சுற்றாதீர்கள். விரியன் விஷம் அதற்குள் சிறுநீரகத்தைப் பிடித்துவிடும். பிந்தி ஏற்றும் மருந்து அந்தச் சேதத்தைத் திருப்பித் தராது, ஒவ்வாமையோ அப்போதும் வரலாம்.

வாட்டுக்கு வந்ததும் ஆஸ்மா இருக்கிறதா, என்ன குளிசை குடிக்கிறார் என்று சொல்லுங்கள். பிறெஷருக்கோ இருதயத்துக்கோ பீட்டா புளொக்கர் வகைக் குளிசை குடிப்பவருக்கு அட்ரீனலின் சரியாகப் பிடிக்காமல் போகலாம், டொக்டர் அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கவேண்டும். பெயர் தெரியாவிட்டால் குளிசை மட்டையையே கொண்டுவாருங்கள்.