மறுபடி கடன் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு

உங்கள் குழுவில் மிகவும் ஏழ்மையான பெண்கள்தான் தவணை கட்ட முடியாமல் நிற்கிறார்கள், இன்னொரு கடன் கொடுத்துத் தூக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டில் கடன் பணம் அரிசியாகவும் மருந்தாகவும்தான் போகும், அது அவர்கள் தப்பே இல்லை.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்புக்கும் இதே சிக்கல் வந்தது. சிறுகடன் அடித்தட்டு மக்களைச் சென்றடையவில்லை என்று பார்த்து, 2002-ல் வேறு திட்டம் தொடங்கினார்கள். ஊரைக் கூட்டி யார் மிக ஏழை என்று ஊராரையே சொல்ல வைத்து, அந்தப் பெண்களுக்கு மாடோ ஆடோ இலவசமாகக் கொடுத்து, அது வருமானம் தரும்வரை கைச்செலவுக்குச் சின்னத் தொகை, வளர்ப்புப் பயிற்சி, மருத்துவ உதவி, அப்புறம் வீட்டுக்கே அடிக்கடி வந்து பார்க்கும் ஒரு பணியாளர் என்று சுமார் 2 வருடம் கூடவே நின்றார்கள். மேற்கு வங்கத்தில் பந்தன் என்ற சிறுகடன் அமைப்பும் இப்படிச் செய்தது, 10 வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்களின் வருமானம் குறையவில்லை.

செலவு அதிகம், உண்மைதான். அதனால் முதலில் சில குடும்பங்களோடு தொடங்குங்கள், பழைய பாக்கியைத் தள்ளிப்போடுங்கள். எந்தக் கால்நடை என்பதையும் நன்றாக விசாரியுங்கள்: மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் இதே மாதிரித் திட்டத்தில் கொடுத்த கோழிகளில் பல நோய் வந்து செத்துப்போய், கிடைத்த பலன் செலவை ஈடுகட்டவில்லை. பக்கத்தில் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா?