66% ஹெட் பாம்பு: காசு எதற்குக் கொடுக்கிறீர்கள்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் என்ற வெளிநாட்டுப் பாம்பு ஒரு ஜோடி வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வாட்ஸ்அப்பில் ஒருவர் 60,000 ரூபாய் சொல்கிறார். படத்தில் இரண்டும் பென்சில் தடிமன்தான், கறுப்பு வெள்ளைப் பட்டை. “ரெண்டுமே 66% ஹெட் ஆல்பினோ, அடுத்த வருஷமே ஆல்பினோ குட்டி போடும், வித்தால் போட்ட காசு வந்துடும்” என்கிறார். பில் கிடையாது, இந்தப் பாம்புக்குப் பேப்பரே தேவையில்லையாம். நம்பலாமா?
– ஒரு தந்தை, அல்சூர், பெங்களூரு

பதில்: கிங்ஸ்னேக் குட்டி போடாது, முட்டைதான் இடும். அதையே மாற்றிச் சொல்கிறவர் மரபணுக் கணக்கை எப்படிச் சொல்வார் என்று பாருங்கள்.

66% என்றதும் பாம்பில் முக்கால்வாசி ஆல்பினோ என்று தோன்றும். அப்படியில்லை. ஆல்பினோ மரபணு தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என இரண்டாகச் சேர்ந்தால்தான் சிவந்த கண்ணும் வெளுத்த தோலும் வரும். ஒன்றை மட்டும் உள்ளே வைத்திருப்பது ஹெட் (‘ஹெட்டரோசைகஸ்’ என்பதன் சுருக்கம்), வெளியே தெரியாது. இரண்டு ஹெட் பாம்புகளை இணைத்தால் சராசரியாக நாலில் ஒன்று ஆல்பினோ. மிச்சம் மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. அதில் இரண்டு ஹெட், ஒன்று சாதாரணம். எது எது என்று வளர்த்தவருக்கே தெரியாது. அந்த மூன்றில் இரண்டுதான் 66%. ஆல்பினோவாகப் பிறக்காமல் போனவற்றுக்கு ஒட்டிய லேபிள் அது.

ஜோடியில் இரண்டுமே ஹெட்டாக இருக்க 9-ல் 4 வாய்ப்பு. பாதிகூட இல்லை. ஒன்று தவறினாலும் எத்தனை வருடம் முட்டையிட்டாலும் ஆல்பினோ வராது. 100% ஹெட் என்றால் பெற்றோரில் ஒன்றாவது ஆல்பினோவாக இருக்க வேண்டும், அல்லது அந்தப் பாம்புக்கே ஆல்பினோ குட்டி பிறந்திருக்க வேண்டும். அதையாவது நேரில் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

அப்புறம், பென்சில் தடிமன் பாம்பு பருவத்துக்கு வரவே இரண்டு மூன்று வருடம் ஆகும். இனப்பெருக்கத்துக்கு முன் இரண்டு மாதமாவது 10 முதல் 13 டிகிரி குளிரில் வைப்பது வழக்கம்; நம் ஊர் ஜனவரி ராத்திரிகூட அதற்குப் பத்தாது. பெட்டியும் இரண்டு வேண்டும். பாம்பு தின்னும் பாம்பு இது, ஜோடியையே விழுங்கிவிடும்.

பேப்பர் விஷயத்தில் அவர் சொல்வது பாதி உண்மை. இந்த இனம் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இல்லாததால், அப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்களுக்கான 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிகிற கட்டாயம் இதற்கு வராது. ஆனால் உயிருள்ள ஊர்வனவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். இங்கேயே பொரித்தது என்றால், தாய் தகப்பன் எந்த உரிமத்தில் வந்தன என்று கேளுங்கள். மழுப்பினால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஏமாந்தபின் நுகர்வோர் ஆணையம் போகலாம் என்று நினைத்தால் அங்கும் ஒரு முள் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார்; சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவருக்கே விலக்கு. “குட்டி விற்கத்தான் வாங்கினேன்” என்று உங்கள் மகன் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவார். பில்லும் இல்லாமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து எதைக் காட்டிப் புகார் சொல்வீர்கள்?