தன்பாலீர்ப்பாளர்களுக்கென்று ஒரு ரக்பி க்ளப் எதற்கு?

“யாரை விரும்புகிறோம் என்பதற்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? எல்லோரும் ஆடுகிற அணியிலேயே ஆடலாமே?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடலாம்தான், ஆட விட்டால்.

எனக்குக் காரைக்குடிப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் சடுகுடு ஆடுவோம். எனக்கு நல்ல மூச்சு, பிடியும் வரும். ஒரு நாள் ஏறி வந்தவனைக் காலோடு சேர்த்து மடக்கினேன். எழுந்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டே, “இவன் தொட்டா ஒரு மாதிரி இருக்குடா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது எனக்கு 13 வயது. மறுநாளிலிருந்து அந்தப் பொட்டல் பக்கமே போகவில்லை.

29 வயதில் வேலைக்காக இங்கிலாந்து போனேன். அங்கே நான் இருந்த ஊரில் இப்படி ஒரு ரக்பி க்ளப் இருந்தது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, ஓடுகிறவனை மடக்கிப் பிடிக்கிற ஆட்டம் அது. காசு வாங்கி ஆடுகிறவர்கள் கிடையாது, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். முதல் நாளே ஸ்க்ரம் பழக்கினார்கள். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், குனிந்து கோத்துக்கொண்டு முட்டித் தள்ள வேண்டும். என்னை இரண்டாம் வரிசையில் நிறுத்தினார்கள். முன்னால் இருப்பவர்களின் இடுப்புக்கு நடுவே தலையை நுழைத்துத் தோளால் முட்டுக்கொடுக்கிற இடம் அது. காது உரசிப் புண்ணாகும் என்பதால் தலையைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்வார்கள். நான் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு தச்சர், ஐம்பது வயதிருக்கும். என் கையை எடுத்துத் தன் விலாவைச் சுற்றிப் போட்டு, “சட்டையை இறுக்கிப் பிடி. நீ விட்டால் ரெண்டு பேரும் விழுவோம்” என்றார்.

அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. நீங்கள் ‘தனி’ என்று நினைப்பதற்கு இதுதான் பதில். அங்கே யாரையும் நீ யார் என்று விசாரித்துச் சேர்ப்பதில்லை. போட்டிகளும் மற்ற ஊர் க்ளப்களோடுதான்.

உலகத்தில் இந்த மாதிரி முதல் க்ளப் 1995-இல் லண்டனில் தொடங்கிய கிங்ஸ் கிராஸ் ஸ்டீலர்ஸ். இன்று பல நாடுகளில் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிங்காம் கோப்பைக்காகக் கூடுகிறார்கள். மார்க் பிங்காம் சான் பிரான்சிஸ்கோ க்ளப்பில் ஆடியவர், தன்பாலீர்ப்பாளர். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் ஒன்றில் பயணிகள் கடத்தல்காரர்களை எதிர்த்தார்களே, அந்த விமானத்தில் இறந்தவர். அடுத்த வருடமே அவர் பெயரில் கோப்பை வந்துவிட்டது. இதை எங்கே சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, பெரிய ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பயம் இருக்காதா? வேல்ஸ் ரக்பி அணியின் கேப்டனாக இருந்த கேரத் தாமஸ், நாட்டுக்காக 100 ஆட்டம் ஆடியவர். தான் தன்பாலீர்ப்பாளர் என்று அவரே 2009 டிசம்பரில்தான் வெளியே சொன்னார். நூறு ஆட்டம் ஆடியவருக்கே அவ்வளவு காலம் பிடித்ததென்றால், பள்ளிக்கூடத்துப் பையன் என்ன செய்வான்?

நான் ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. எங்கள் நகரத்தார் வழக்கத்தில் கல்யாணம் ஆனால்தான் கோயில் கணக்கில் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக எண்ணுவார்கள். எனக்கு 38. வளவில் நாலு பேர் கூடினால் என் கல்யாணப் பேச்சுதான். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன்பாலுறவு குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. வீட்டுக்குள் நான் யார் என்று சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆனது. அப்பச்சியிடம், அதாவது அப்பாவிடம், இன்னும் சொல்லவில்லை. ஆச்சியிடம் (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் சொன்னேன், பட்டாலையில் உட்கார்ந்து, க்ளப் படத்தைப் போனில் காட்டி.

ஆச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “தலையில என்னடா கட்டு, அடிபட்டுச்சா?” என்று கேட்டாள். காதுக்காக ஒட்டுகிற டேப் என்றேன். அப்புறம், “அங்க ஒன்னய நல்லா வச்சிக்கிட்டாங்களா?” என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மகனும் அவன் கூட்டாளிகள் ஆறு பேரும் வற்றின கண்மாயில் என்னோடு பந்து பழகுகிறார்கள். ரக்பியில் கையால் பந்தை முன்னால் போடக்கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் போடலாம். “அப்ப பின்னாடி ஒருத்தன் வர்றான்னு எப்படி அம்மான் தெரியும்?” என்று கேட்டான். அவன் கத்துவான், காதைக் கொடு என்றேன்.